கல்யாணமான பெண்ணுக்கு ஆட்டிசம் இருக்காதா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழின் டாக்டர் கேள்வி-பதில் பகுதியில், தனக்கு ஆட்டிசம் இருக்குமோ, எங்கே போய்ப் பார்ப்பது என்று 34 வயது வாசகி ஒருவர் கேட்டிருந்தார். "கல்யாணம் ஆகி, குழந்தைகளோடு வேலைக்கும் போகிறீர்கள். உங்களுக்கு அதெல்லாம் இருக்காது. இணையத்தில் படிப்பதைக் குறையுங்கள்" என்பது டாக்டரின் பதில். ஆளைப் பார்க்காமலே ஒன்றுமில்லை என்று சொல்லிவிடும் திறமை எல்லோருக்கும் வாய்க்காது. அவருக்கு என் வாழ்த்துகள்.

கல்யாணம் எனக்கும்தான் ஆனது. விசேஷ வீடுகளில் யாரிடம் என்ன பேச வேண்டும், எப்போது சிரிக்க வேண்டும் என்பதை அக்காவைப் பார்த்து மனப்பாடம் செய்து வைத்திருந்தேன். வீட்டுக்கு வந்ததும் விளக்கை அணைத்துவிட்டுப் படுத்துக் கிடப்பேன். அங்கே 'அடக்கமான பொண்ணு' என்ற அதே வாய்கள் இங்கே 'திமிர்' என்றன. நாற்பதைத் தாண்டித்தான் எனக்கு ஆட்டிசம் என்று உறுதியானது.

அதுவும் லேசில் நடக்கவில்லை. முதலில் போனது, சுவரெல்லாம் முயலும் யானையும் வரைந்திருந்த ஒரு குழந்தைகள் மையம். நான் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு, துணைக்கு வந்த என் அண்ணனிடம் திரும்பி, "இவங்க வீட்ல சமைப்பாங்களா?" என்றார் மருத்துவர். ஓர் அலுவலகத்தின் வரவு செலவு முழுவதையும் பார்க்கிறவள் நான். இன்னொரு இடத்தில் தெரபி என்ற பெயரில் கண்ணைப் பார்த்துப் பேசவும் சிரிக்கவும் பழக்கினார்கள். காலமெல்லாம் அதைச் செய்து களைத்துப்போய்த்தானே அங்கே போனேன்! டியூப் லைட்டின் இரைச்சல் தாங்க முடியாதபோது என்ன செய்வது, அலுவலகத்தில் வேறு இருக்கை கேட்பது எப்படி என்று யாராவது சொல்லியிருந்தால் புண்ணியமாய்ப் போயிருக்கும்.

எனக்குத் தெரிந்த ஒருவர் தன்னை ஆணாகவும் பெண்ணாகவும் கருதாதவர். "முதல்ல அந்தக் குழப்பத்தைச் சரி பண்ணுவோம், ஆட்டிசம் அப்புறம்" என்றாராம் ஆலோசகர். சென்னை உயர் நீதிமன்றத்தின் 2021 தீர்ப்புக்குப் பிறகு, பாலின அடையாளத்தை 'மாற்றும்' சிகிச்சை தொழில்முறைத் தவறு என்று தேசிய மருத்துவ ஆணையமே 2022-ல் சொல்லிவிட்டது. ஆட்டிசம் உள்ளவர்களில் இப்படிப்பட்டவர்கள் கூடுதலாக இருப்பதை ஆய்வுகள் சொல்வதும் தாங்கள் அறியாததல்ல.

1943-ல் குழந்தை மனநல மருத்துவர் லியோ கானர் ஆட்டிசம் பற்றி எழுதிய முதல் கட்டுரையிலேயே 11 குழந்தைகளில் 3 பேர் பெண்கள். ஆனால் உலக ஆட்டிசம் விழிப்புணர்வு நாளான ஏப்ரல் 2 வந்தால் தங்கள் இதழில் ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கும் ஒரு சிறுவன் படம்தான். ஆண்டுக்கு ஆண்டு அவன் சட்டை மட்டும் மாறுகிறது. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் ஆட்டிசம் இருக்கிறது, பெரியவர்களுக்கு இல்லை என்று அதில் எங்கும் இல்லை. மாற்றுத்திறனாளி சான்றிதழுக்காக ஆட்டிசத்தை மதிப்பிடும் ஐ.எஸ்.ஏ.ஏ. என்ற இந்திய அளவுகோலைப் பாருங்கள்: 40 அம்சங்கள், மொத்த மதிப்பெண் 70-க்குக் கீழே வந்தால் ஆட்டிசம் இல்லை. கண் பார்ப்பதும் சிரிப்பதும் அதில் அடக்கம். நன்றாக நடிக்கப் பழகியவள் வெறுங்கையோடு வீடு திரும்ப வேண்டியதுதான். இதைப் பற்றிப் போன வருடமே விரிவாக எழுதினேன். கோலப் போட்டியைப் பாராட்டியிருந்த கடைசி இரண்டு வரிகளை மட்டும் வெளியிட்டீர்கள். நன்றி.

சரி, கேட்க வந்தது இவ்வளவுதான். எங்கே போவது என்ற அந்த வாசகியின் கேள்விக்கு இன்னும் பதில் இல்லை. வயது வந்தவர்களைப் பார்த்துப் பழகிய மனநல மருத்துவர் ஒருவரிடம் கேட்டு, அதே பகுதியில் பதில் போடுங்கள். கால் பக்கம் போதும். இடம் இல்லையென்றால், ராசிபலனுக்கு ஒதுக்கும் நான்கு பக்கங்களில் கொஞ்சம் கேட்டுப் பாருங்கள்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகி,
திருச்சி

(அலுவலகத்தில் யாருக்கும் தெரியாது. பெயரைப் போட வேண்டாம்.)