வாடகை டிரஸ் இல்லீங்க, நாங்க தச்சது

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நந்தம்பாக்கம் டிரேட் சென்டர்ல நடந்த காமிக் கான், அதான் காமிக்ஸ், சினிமா கேரக்டர் மாதிரி வேஷம் போட்டுக்கிட்டு ரசிகர்கள் கூடுற விழா, அந்தப் படங்களை ஒரு பக்கம் முழுக்க போட்டிருந்தீங்க சார், ரொம்ப சந்தோஷம். அதுல முதுகுல தொங்குற சிவப்பு கேப் போட்டு தோள்ல கவசம் மாட்டிட்டு நாலு பேர் நிக்கிற படம் ஒண்ணு இருக்கு, அதுல வலது ஓரத்துல நிக்கிறது நான். படம் அவ்வளவு அழகா வந்திருக்கு, எங்கம்மா அதை வாட்ஸ்அப்ல சொந்தக்காரங்க எல்லாருக்கும் அனுப்பிட்டாங்க. ஆனா கீழ "வாடகை உடையில் கலக்கிய இளைஞர்கள்"னு போட்டிருக்கீங்க. அது வாடகை உடை இல்ல சார். அதுல ஒரு பட்டன் கூட வாடகை இல்ல. நாலு பேரும் நாலு மாசம் சனி ஞாயிறு பூரா உக்காந்து வெட்டி, ஒட்டி, தச்சு போட்டுட்டு வந்தது. அதுக்காகத்தான் இந்த லெட்டர்.

இன்னொண்ணும் சொல்லணும். அந்த டிரஸ்ஸுக்கு முதல்ல பேட்டர்ன் வெட்டினதே உங்க பேப்பர்லதான். எங்க தெரு முனையில பிளவுஸ் தைக்கிற ஒரு அக்கா இருக்காங்க, அவங்க எந்தப் புது மாடலா இருந்தாலும் துணியில கத்தரி வைக்கிறதுக்கு முன்னாடி பழைய பேப்பர்ல வரைஞ்சு வெட்டிப் பார்ப்பாங்க, நாங்களும் அதையேதான் பண்ணோம், ஞாயித்துக்கிழமை பேப்பர் ரெண்டு ஷீட்டை டேப் போட்டு ஒட்டினா ஒரு ஆள் முதுகு அளவுக்கு வந்துடும். அப்புறம் அதே அளவுல காடாத்துணியில ஒண்ணு வெட்டி கைத்தையல் போட்டு மாட்டிப் பார்த்து, எங்க இழுக்குது எங்க தொங்குதுன்னு குண்டூசி குத்தி சரி பண்ணி, அதுக்கப்புறம்தான் நிஜத் துணி. கோடவுன் தெருவுல ரெண்டு தடவை அலைஞ்சு எடுத்த துணி சார் அது, தப்பா வெட்டினா திரும்ப அதே ஷேட் கிடைக்காது.

அந்த கேப் பத்திக் கொஞ்சம் சொல்றேன், படத்துல நல்லா விழுந்து நிக்குதுன்னு நிறைய பேர் கேட்டாங்க. அது அம்பர்லா கட். வட்டமா வெட்டுறதால சில இடத்துல நேர் நூல் வரும், சில இடத்துல நூல் சாய்வா, கிராஸ்ல வரும், கிராஸ் வர்ற இடம் தன் வெயிட்டுக்கே கீழ இழுத்துக்கும். எங்களுக்கு அது தெரியாது, வெட்டின அன்னிக்கே ஓரம் மடிச்சு அடிக்கப் போனோம். அக்காதான் தடுத்தாங்க. "இன்னிக்கு ராத்திரி அப்படியே கொடியில தொங்கப் போடுங்கடி, துணி எவ்வளவு இறங்கணுமோ இறங்கட்டும், நாளைக்கு வந்து மட்டம் பண்ணிக்கலாம்"னாங்க. காலையில போய்ப் பார்த்தா ரெண்டு பக்கமும் ரெண்டு விரக்கடை கீழ இறங்கி நிக்குது. முன்னாடியே அடிச்சிருந்தா டிரேட் சென்டர் வாசல்ல நிக்கும்போது கோணலா தொங்கியிருக்கும். மறுபடி சாக்பீஸால கோடு போட்டு சமமா வெட்டி, அப்புறம் பொறுமையா ஓரம் அடிச்சோம். இது எந்த வீடியோவுலயும் நான் பார்க்கல, இருபது வருஷம் மிஷின்ல உக்காந்தவங்களுக்குத்தான் தெரியும்.

கவசம் வேற வேலை. பார்க்க இரும்பு மாதிரி இருக்குல்ல, அது இவிஏ ஃபோம், குழந்தைங்க விளையாட தரையில போடுற மேட் இருக்குமே அந்தச் சரக்குதான். உடம்பு அளவு எடுக்க பழைய பனியனைப் போட்டுட்டு அதுமேல கிளிங் ஃபிலிம் சுத்தி, அதுமேல மாஸ்கிங் டேப் ஒட்டி, மார்க்கரால கோடு வரைஞ்சு, அப்படியே வெட்டி எடுத்து விரிச்சா பேட்டர்ன் ரெடி. ஆனா ஒவ்வொரு துண்டுலயும் இடது வலதுன்னு எழுதணும், நாங்க எழுதாம ரெண்டு தோளையும் ஒரே பக்கத்துக்கு வெட்டிட்டோம், ஒரு ஷீட் வீணாப் போச்சு. வளைவு வரணும்னா சூடு காத்து அடிக்கிற ஹீட் கன் காட்டணும், ஃபோம் மேல லேசா ஒரு மினுமினுப்பு வரும், அந்த நேரத்துல வளைச்சுப் பிடிச்சு ஆறவிட்டா அந்த ஷேப்புலயே நின்னுடும். எதுமேல வச்சு வளைக்கிறதுன்னு முழிச்சப்போ என் ரூம்மேட் கிச்சன்ல இருந்த எவர்சில்வர் குடத்தைக் கொண்டு வந்தா. தோள் கவசம் குடத்து மேல, முட்டிக்கு சொம்பு மேல. சூடான ஃபோமைக் குடத்துல அமுக்கிப் பிடிச்சுக்கிட்டு ஒருத்தி, பக்கத்துல விசிறிக்கிட்டு ஒருத்தி, எத்தனை சனிக்கிழமை!

ஒட்டுறது ரப்பர் பசையில. ரெண்டு பக்கமும் தடவி, தொட்டா கையில ஒட்டாத அளவுக்குக் காயவிட்டு, அப்புறம் சேர்க்கணும், சேர்த்துட்டா நகர்த்த முடியாது, அதனால ஒருத்தர் பிடிக்க ஒருத்தர் வைக்கணும், தனியா செய்யற வேலையே இல்ல. அந்தப் பசை வாடை தலையைச் சுத்தும் சார், இதைப் படிச்சுட்டு சின்னப் பசங்க யாராவது ஆரம்பிச்சா தயவு செஞ்சு மொட்டை மாடியில, மாஸ்க் போட்டு, பெரியவங்களைப் பக்கத்துல வச்சுக்கிட்டு பண்ணுங்க. பெயின்ட் அடிக்கிறதுக்கு முன்னாடி ஃபெவிகாலைத் தண்ணி கலந்து நாலஞ்சு கோட் அடிச்சோம், இல்லன்னா ஃபோம் பெயின்ட்டை உறிஞ்சிடும்.

பெல்ட்டும் கையுறையும் ரெக்சின். எங்க நாலு பேர்ல காலேஜ் ஜூனியர் பையன் ஒருத்தன், அவன் ஊசியில நூல் கோத்ததே கிடையாது, அவன்தான் ரெக்சின் வேலை முழுக்க எடுத்துக்கிட்டான். ரெக்சின்ல ஊசி ஒரு தடவை இறங்கினா ஓட்டை ஓட்டைதான், பிரிச்சுத் தைக்க முடியாது, குண்டூசி கூட குத்தக் கூடாது, துணி காயப்போடுற கிளிப்பை மாட்டித்தான் தைக்கணும். துணியை அமுக்கிப் பிடிக்கிற மிஷின் ஃபுட்ல ஒட்டிக்கிட்டு நகரவே நகராது, அந்த ஃபுட்டுக்கு அடியில டிஷ்யூ பேப்பர் வச்சு ஓட்டி அப்புறம் கிழிச்சு எடுத்தான். அவன் அந்தக் கையுறையை முடிச்சு மாட்டிக் காட்டின அன்னிக்கு அக்கா கடையில தைக்கக் கொடுக்க வந்திருந்த அம்மாக்கள் எல்லாம் வாங்கிப் பார்த்தாங்க, "பையனா தச்சான்?"னு.

அதனாலதான் அந்த ஒரு வரி மனசுக்கு கஷ்டமா இருந்துச்சு. வாடகைக்கு எடுத்துப் போடுறதும் காசு கொடுத்து வாங்கிப் போடுறதும் தப்புன்னு நான் சொல்லவே இல்ல, பிடிச்ச கேரக்டரா ஒரு நாள் இருந்து பார்க்கணும்னு எல்லாருக்கும் ஆசை இருக்கும், எல்லாருக்கும் நாலு மாசம் டைம் இருக்காது. ஆனா தச்சவங்களைத் தச்சவங்கன்னு எழுதணும்.

இது நம்ம ஊர்ல மட்டும் நடக்கிறதும் இல்ல. 1939ல நியூயார்க்ல முதல் உலக சயின்ஸ் ஃபிக்ஷன் மாநாடு நடந்துச்சு. அங்க ஃபாரஸ்ட் ஆக்கர்மேன்னு ஒருத்தர் எதிர்கால மனுஷன் மாதிரி கேப் போட்டுட்டுப் போனார், இப்போ நாங்க பண்றதுக்கெல்லாம் ஆரம்பம் அதுதான்னு சொல்வாங்க. அவர் கூட அதே மாதிரி டிரஸ்ல போனவங்க மிர்ட்டில் டக்ளஸ், ரெண்டு டிரஸ்ஸையும் தச்சது அவங்கதான். ஆனா ரொம்ப காலம் பேர் ஆக்கர்மேனுக்குத்தான் இருந்துச்சு, தச்ச பொண்ணு பேரை அப்புறம்தான் எடுத்துச் சொல்ல ஆரம்பிச்சாங்க. இப்படி கேரக்டர் மாதிரி டிரஸ் போடுறதைச் சொல்ற காஸ்ப்ளேங்கிற வார்த்தை 1980கள்ல ஜப்பான்ல வந்தது, அதே ஜப்பான்ல நகோயாவுல 2003லேர்ந்து உலக காஸ்ப்ளே விழா நடக்குது, அதோட போட்டியில மேடை ஏறுறவங்க தாங்களே செஞ்ச உடையைத்தான் போடணும்னு ரூல். சென்னைக்கு காமிக் கான் வந்ததே 2024ல, அதனால உங்க ரிப்போர்ட்டருக்கு இது புதுசா இருந்திருக்கலாம், புரியுது.

ஆனா வேஷம் நமக்குப் புதுசா சார்? எங்கம்மா ஊர் திருச்செந்தூர் பக்கம். குலசேகரப்பட்டினம் தசராவுக்கு மாலை போட்டு விரதம் இருந்து காளி, குறத்தி, கரடி, ராஜா, போலீஸ்னு வேஷம் கட்டி வர்றவங்களைப் பார்த்துதான் நான் வளர்ந்தேன். அது சாமிக்கு நேர்ந்துக்கிட்டு செய்யறது, நாங்க பண்றது ஆசைக்கு, ரெண்டையும் ஒண்ணா வைக்கல. வடக்க தெருக்கூத்து ஆடுற கட்டைக்கூத்துக்காரங்க தோள்ல கட்டுற புஜக்கட்டையும் கிரீடமும் பார்த்திருப்பீங்க, வெயிட்டே இல்லாத மரத்துல செதுக்கி, கண்ணாடித் துண்டு பதிச்சு, ராத்திரி முழுக்க ஆடினாலும் தாங்குற மாதிரி செய்வாங்க. எங்க ஃபோம் கவசத்துலயும் அதே கவலைதான், பார்க்க கனமா இருக்கணும், போட்டா லேசா இருக்கணும். அந்த கட்டையைச் செதுக்கினவர் பேரையும் எந்த நோட்டீஸ்லயும் நான் பார்த்ததில்ல.

அதனால ஒரு சின்ன வேண்டுகோள். அடுத்த தடவை உங்க ரிப்போர்ட்டர் வரும்போது எல்லார்கிட்டயும் "என்ன கேரக்டர்"னு கேட்கிறதோட "யார் தச்சது, எதுல செஞ்சீங்க"ன்னும் கேட்கச் சொல்லுங்க. வாங்கினதா இருந்தா வாங்கினோம்னு சொல்லுவாங்க, தச்சிருந்தா நிறுத்தாம பேசுவாங்க, உங்களுக்குத்தான் எழுத இடம் பத்தாது.

அந்தப் படத்தை அக்கா கத்தரிச்சு கடை சுவத்துல, அளவு நோட்டு தொங்குற ஆணிக்குப் பக்கத்துல ஒட்டி வச்சிருக்காங்க. வர்றவங்ககிட்ட எல்லாம் "இந்த கேப் எங்க கடையில மட்டம் பண்ணது"ன்னு காட்டுறாங்க, கீழ இருக்கிற வரியைப் படிச்சுட்டு ஒரு அம்மா "வாடகைன்னு போட்டிருக்கே"ன்னு கேட்டாங்களாம். அக்கா ஒண்ணும் சொல்லாம பேனாவால அந்த வரியை அடிச்சுட்டாங்க. ஒரு மூலையில ரெண்டு வரி திருத்தம் போட்டீங்கன்னா அதையும் வெட்டிக் கொண்டு போய் அந்தப் படத்துக்குக் கீழ ஒட்டிடுவேன்.

இப்படிக்கு,
படத்துல வலது ஓரத்துல நிக்கிற வாசகி,
மேடவாக்கம், சென்னை