பாடுமீனைத் தேடவேண்டிய மருமகனுக்கு

அன்புள்ள மருமகன்,

நேற்று இரவு உன் அம்மா கோல் எடுத்தா. விலங்கியல் படித்த பிள்ளை இல்லாத மிருகத்தைத் தேடப் போகுதாம், தாய்மாமன் நான்தான் கேட்கவேணுமாம். கிரிப்டோசூவோலொஜிஸ்ட், அதுதான் இருக்குதோ இல்லையோ தெரியாத மிருகத்தைத் தேடுகிறவன், என்ற சொல்லை அக்கா மூன்று விதமாகச் சொன்னா. மூன்றும் பிழை. ஆனால் மனே, அந்தச் சொல்லைச் சரியாகச் சொல்லுகிறவனுக்கும் இந்த நாட்டில் சம்பளம் கொடுக்க ஆள் இல்லை. அது கிடக்கட்டும்.

உன் மேசைக்கு மேலே ஒட்டியிருக்கிற பெர்னார்ட் ஹூவெல்மான்ஸைப் பற்றித்தான் எழுத வந்தேன். 1916 இல் பிறந்த மனிதர். ஆபிரிக்காவில் எறும்பும் கறையானும் தின்று வாழும் ஆர்ட்வார்க்கின் பல்லை ஆராய்ந்து பிரசல்ஸில் டொக்டர் பட்டம் வாங்கினார். பட்டம் சோறு போடவில்லை, ஜாஸ் பாடிப் பிழைத்தார். 1948 இல் அமெரிக்கச் சஞ்சிகை ஒன்றில் ஐவன் சாண்டர்சன் எழுதிய கட்டுரையை வாசித்தார். டைனோசர் எங்காவது இன்னும் உயிரோடு இருக்கலாம் என்ற கட்டுரை. அதோடு ஆளின் போக்கே மாறிவிட்டது. 1955 இல் அறியப்படாத விலங்குகளைப் பற்றி இரண்டு பாகத்தில் புத்தகம் போட்டார். உலகம் அவரை இந்தத் துறையின் தகப்பன் என்றது.

அவருடைய முறை எனக்கும் பிடிக்கும். காட்டில் வாழ்கிற சனம் சொல்வதை மூடநம்பிக்கை என்று தள்ளாமல் சாட்சியாக எடுத்தார். 1901 இல் விஞ்ஞானம் ஒகாபி என்ற மிருகத்துக்குப் பெயர் வைக்க முன்பே கொங்கோக் காட்டுக்காரர் அதைப் பிடித்துத் தோலை இடுப்பில் கட்டியிருந்தார்கள்தானே.

அந்தப் புத்தகத்தில் நம்முடைய பக்கமும் வருகிறது. ஃபிரெடெரிக் லூயிஸ் என்ற வெள்ளைக்காரர் தெற்குப் பாணமைப் பற்றில் திரிந்து 1914 இல் எழுதிய குறிப்பில் நிட்டாவோ என்ற குள்ளச் சனத்தைச் சொல்கிறார். (பாணமை அப்போது மட்டக்களப்போடு இருந்தது. அம்பாறை தனி மாவட்டமானது 1961 இல்.) மூன்று நாலு அடி உயரம், உடம்பெல்லாம் மயிர், நீள நகம். கடைசிக் கூட்டத்தை வேடர் ஒரு குகைக்குள் துரத்தி, வாசலில் விறகை அடுக்கி மூன்று நாள் எரித்தார்களாம். கொழும்பில் உடற்கூற்றியல் படிப்பித்த பேராசிரியர் ஒஸ்மன் ஹில் 1945 இல் இதை எடுத்து, ஜாவா மனிதனைப் போன்ற ஆதிமனிதர்களாக இருக்கலாம் என்று எழுதினார். ஒரு விரல் எலும்பு அகப்பட்டதில்லை.

நான் நாலு தரம் உகந்தையில் இருந்து கதிர்காமத்துக்கு நடந்தவன். குமுக்கன் ஆற்றைத் தாண்டி யால காட்டுக்குள் இரவு படுக்கும்போது பழைய சாமிமாரிடம் வாயைக் கிண்டிப் பார்ப்பேன். யானை எங்கே மறிக்கும், கரடி எந்தப் பாறைக்கடியில் படுக்கும், எந்த மோடையில் தண்ணி வற்றாது எல்லாம் சொல்வார்கள். நிட்டாவோவை ஒருவரும் சொல்லவில்லை. நான் கேட்டதும், "அது ஆரு தம்பி?" என்று அவர்களே என்னிடம் கேட்டார்கள். எனக்குச் சிரிப்பு வந்தது. பாணமைக் கதை ஐரோப்பா வரை போய், புத்தகமாகித் திரும்பி வந்து, அதே காட்டில் நான் சொல்ல அவர்கள் கேட்கிறார்கள்!

சரி, மனிதர் வழுக்கி விழுந்த இடத்துக்கு வருகிறேன். 1968 டிசம்பர், அமெரிக்காவின் மினசோட்டா. ஒரு ட்ரெய்லருக்குள் குளிர்ப்பெட்டி, அதற்குள் ஐஸ்கட்டி, ஐஸ்கட்டிக்குள் மயிர் மூடிய மனித உருவம். கண்காட்சியில் காசுக்குக் காட்டும் சாமான். ஹூவெல்மான்ஸும் சாண்டர்சனும் மூன்று நாள் கண்ணாடிக்கு மேலே குனிந்து அளந்தார்கள், படம் எடுத்தார்கள். தொடவில்லை, ஒரு மயிர்கூடப் பிடுங்கவில்லை. 1969 பெப்ரவரியில் ஹூவெல்மான்ஸ் பெல்ஜியத்து விஞ்ஞான இதழில் அதற்கு ஹோமோ பொங்கோயிடஸ் என்று பெயரே வைத்துவிட்டார். அது லேடெக்ஸ் பொம்மை என்று மற்றவர்கள் முடிவு கட்டினார்கள். அவர் கடைசிவரை விடவில்லை. முப்பது வருஷம் ஒரு பொம்மைக்காக வழக்காடுவதை நினைத்துப் பார்.

இப்போது நம்முடைய நாட்டுப் பறவை ஆய்வாளர் தீபால் வரகாகொடவைப் பார். 1995 இல் கித்துள்கலைக் காட்டில் பழக்கமில்லாத ஆந்தைச் சத்தம் ஒன்று கேட்டார். பெயர் வைக்க ஓடவில்லை. 2001 ஜனவரியில் சிங்கராஜாவில்தான் பறவையைக் கண்ணால் கண்டார். 2004 இல்தான் புதிய இனமாக அறிவிப்பு வந்தது. இலங்கையில் 1868 க்குப் பிறகு கிடைத்த முதல் புதுப் பறவை. அவரை ஒருவரும் கிரிப்டோசூவோலொஜிஸ்ட் என்று சொல்வதில்லை. எனக்கு அவர்தான் அசல்.

நமக்கும் அப்படி ஒரு சத்தம் வாசலில் கிடக்கிறது. மீன்பாடும் தேன்நாடு என்று போர்ட் எழுதி வைத்திருக்கிறோம், பாடுகிற மீனைக் கையில் பிடித்துக் காட்டு என்றால் ஆளாளுக்கு முழிக்கிறோம். 1848 இல் எமர்சன் டெனன்ட் என்ற வெள்ளைக்கார அதிகாரி இதே மட்டக்களப்பு வாவியில் வள்ளத்தில் இருந்து கேட்டார். ஈரவிரலால் கிளாஸ் விளிம்பைத் தடவும்போது வருகிற மாதிரி இருந்ததாம். கரையார் அவருக்குக் காட்டியது மீனை இல்லை, ஊரி என்கிற சின்ன நத்தையை. 1954 இல் அமெரிக்க யேசுசபைப் பாதிரியார் லாங் பதிவு செய்தார், மறுகா இலங்கை வானொலியும் போட்டது. பிறகு சண்டைக்காலம். இரவில் வாவியில் இறங்க யார் விட்டார்கள்?

யுத்தநிறுத்தம் வந்த கையோடு, 2003 இல், நான் ஒருதரம் முயன்றேன். கசட் ரெக்கோடர், மைக்கை பலூனுக்குள் போட்டு நூலால் இறுக்கிக் கட்டு. பறுவ நிலவு, கல்லடிப் பாலத்தடி. நூல் கழன்று உப்புத்தண்ணி உள்ளே போனது. கசட்டில் இருந்தது பாலத்துப் பலகையில் லொறி போகிற தடதடப்பும் என் தும்மலும்தான். ஆனால் அதற்கு முன்னே துடுப்பின் நுனியைத் தண்ணிக்குள் விட்டு மறுமுனையைக் காதில் வைத்தேன். தவளை தொண்டையைச் செருமுகிற மாதிரி ஒன்று, கொஞ்ச நேரம் விட்டு இன்னொன்று, கொஞ்சம் தள்ளி, வேறு சுருதியில். பல்லுக்குள் கூசியது. கெளுத்தியைத் தூண்டிலில் இருந்து கழற்றும்போது கர்ர் என்கிறதே, அந்த இனம் இல்லை. ஊரியா? ஊரி எப்படி அவ்வளவு சத்தம் போடும்? இருபது வருஷத்துக்கு மேலாயிற்று, இன்னும் ஒரு பெயரும் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

சித்திரைப் பறுவத்துக்கு லீவு போட்டு வா. 2013 இல் புதுப்பாலம் திறந்த பிறகு பழைய பாலத்தில் லொறி இல்லை, இப்போது அடியில் அமைதி. தோணி நான் பார்த்து வைக்கிறேன். தண்ணிக்குள் போடுகிற மைக் ஒன்றை உன் கம்பஸில் இரவல் கேள். அக்காவிடம் மீன் பிடிக்கப் போகிறோம் என்று சொல்லு, அது பொய்யும் இல்லை. பலூன் வேண்டாம்.

இப்படிக்கு,
கல்லடி மாமா