எந்த ‘ஆம்’?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கைப்பேசிச் செயலிகளில் வரும் கேள்விகளையும் பொத்தான்களையும் தமிழாக்குவது என் தொழில். பதினோரு வருடமாகச் செய்கிறேன். போன மாதம் என் அம்மாவுக்கு நேர்ந்தது மனதை அறுத்துக்கொண்டே இருக்கிறது.

ஒரு செயலியின் சந்தாவை நிறுத்தப் போனார். ‘சந்தாவைத் தொடர வேண்டாமா?’ என்று திரை கேட்டது. கீழே ‘ஆம்’, ‘இல்லை’. அம்மா, “ஆமா, வேண்டாம்” என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே ‘ஆம்’ மேல் விரலை வைத்தார். சந்தா தொடர்ந்துவிட்டது. பணமும் எடுத்துவிட்டார்கள்.

அம்மா மேல் தவறே இல்லை. “வரலையா?” என்றால் “ஆமா, வரலை” என்பதுதான் தமிழ். ஜப்பானியரும் இப்படித்தான் பதில் சொல்வார்கள். ஆங்கிலத்தில் அதே இடத்தில் ‘யெஸ்’ என்றால் வருகிறேன் என்று அர்த்தம். சொல்லுக்குச் சொல் மொழிபெயர்ப்பு சரி. அழுத்தினால் நடப்பதுதான் நேர்மாறு.

அந்தச் செயலி என் கையில் வந்ததல்ல. ஆனால் அதுபோன்ற வரிகளை நானும் எழுதி அனுப்பியிருக்கிறேன். எங்களுக்கு வருவது ஒரு எக்செல் தாள் மட்டும். கேள்வி ஒரு வரிசையில் இருக்கும், அதற்கான ‘யெஸ்’ இருநூறு வரிசை தள்ளி இருக்கும். திரையைக் கண்ணில் காட்டுவதே இல்லை.

கேள்வியை அமைக்கும் விதம் மனிதர்களை எவ்வளவு தூரம் இழுக்கும் என்பதற்கு, ஜான்சனும் கோல்ட்ஸ்டைனும் 2003-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று போதும். உறுப்பு தானத்துக்குத் தாமாகச் சம்மதம் தரவேண்டிய ஜெர்மனியில் சம்மதம் 12 சதவீதம். மறுக்காதவரெல்லாம் சம்மதித்தவர் என்று கொள்ளும் ஆஸ்திரியாவில் 99 சதவீதத்துக்கு மேல். இரண்டு நாட்டிலும் பேசுவது ஜெர்மன்தான். முன்கூட்டியே டிக் போட்டுவைத்த கட்டம் சம்மதம் ஆகாது என்று ஐரோப்பிய நீதிமன்றம் 2019 அக்டோபரில் தீர்ப்பளித்தது. டிக்கைப் பார்த்தார்கள், நல்லது. என் அம்மாவின் ‘ஆம்’ மட்டும் எப்படிச் சம்மதமாகும்?

செயலி தயாரிப்பவர்களைக் கேட்டுக்கொள்கிறேன்: ‘ஆம்’, ‘இல்லை’ வேண்டாம். ‘சந்தாவை நிறுத்து’, ‘சந்தாவைத் தொடர்’ என்று செய்கையையே பொத்தானில் எழுதுங்கள். மொழிபெயர்ப்பவருக்குத் திரையைக் காட்டுங்கள். வெளியிடும் முன் அந்த மொழியிலேயே புழங்கும் நாலு பேரை, முக்கியமாக வயதானவர்களை, அழுத்திப் பார்க்கச் சொல்லுங்கள்.

பணத்தைத் திருப்பிக் கேட்டு அந்த நிறுவனத்துக்கு எழுதினேன். ‘வாடிக்கையாளரே ஆம் என்பதைத் தேர்ந்தெடுத்துள்ளார்’ என்று பதில் வந்தது.

இப்படிக்கு,
ஒரு மொழிபெயர்ப்பாளர்