போர்த்துக்கீசிய மொழிச் சமூகங்களின் உடல்நலக் கணக்கைத் தனித்தனியே வெளியிடக் கோரும் மனு

அனுப்புநர்:
சமூக சுகாதாரப் பணியாளர்கள்,
பிராக்டன், மாசசூசெட்ஸ்.

பெறுநர்:
உயர்திரு ஆணையர் அவர்கள்,
மாநிலப் பொதுச் சுகாதாரத் துறை, பாஸ்டன்.

பொருள்: பிரேசிலியர், கேப் வெர்டேயினர், அசோரியர் ஆகியோரின் நோய்ப் புள்ளிவிவரமும் மருத்துவ மொழி உதவியும் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஆணையர் அவர்களுக்கு வணக்கம்.

பிராக்டனில் மேற்கு ஆப்பிரிக்கக் கரைக்கு அப்பாலுள்ள தீவு நாடான கேப் வெர்டேயினரும், ஃபிரேமிங்ஹாமில் பிரேசிலியரும், ஃபால் ரிவரிலும் நியூ பெட்ஃபோர்டிலும் போர்ச்சுகலுக்கு உரிய அட்லாண்டிக் தீவுகளான அசோர்ஸ் தீவினரும் நெடுங்காலமாகக் குடியிருந்து உழைத்து வருவதைத் தாங்கள் அறிவீர்கள். ஆனால் நோய்க் கணக்கைப் புரட்டினால் இவர்களைத் தேடிப்பிடிப்பது அரிது. அசோரியர் வெள்ளையர் தொகையிலும், கேப் வெர்டேயினர் பெரும்பாலும் கறுப்பினத்தவர் தொகையிலும் கரைந்துவிடுகின்றனர். பிரேசிலியரோ கூட்டரசின் வரையறைப்படி ஹிஸ்பானியர், அதாவது ஸ்பானியப் பண்பாட்டு வழிவந்தோர், அல்லர்; தம்மை அவ்வாறு குறித்தாலும் வழக்கமாக அது மாற்றிப் பதியப்படுகிறது. 2019-ஆம் ஆண்டு அமெரிக்கச் சமூகக் கணக்கெடுப்பில் நாடு முழுவதும் சுமார் 14,000 பிரேசிலியரே ஹிஸ்பானியராகப் பதிவாகியிருந்தனர். தரவுகளைச் சீர்செய்யும்போது அந்த மாற்றம் பிழையால் விடுபட்டதால், 2020-இல் அத்தொகை குறைந்தது 4,16,000 ஆனது. இத்தனை பேர் தம்மை எவ்வாறு அடையாளப்படுத்துகின்றனர் என்பது ஒரு பிழையின் வழியாகத்தான் வெளிப்பட்டது என்பது எங்களுக்கு வேதனை தருகிறது.

பூர்வீகத்தைக் குறித்துக்கொள்வது மருத்துவத்துக்கே தேவை. நடை தள்ளாடி, பேச்சுக் குழறி, மெல்ல மெல்ல உடலை முடக்கும் மச்சாடோ-ஜோசப் நோய், 1972-இல் இம்மாநிலத்தில் வாழ்ந்த அசோரிய வழிவந்த குடும்பத்தினரிடம் கண்டு விவரிக்கப்பட்டது. பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் அது வருவதற்குப் பாதிக்குப் பாதி வாய்ப்புண்டு. நோயாளியை வெறுமனே வெள்ளையர் எனக் குறித்துவைக்கும் ஏட்டைப் பார்க்கும் மருத்துவருக்கு இந்த ஐயம் எழ வழியில்லை.

மொழித் தடையும் சிறிதன்று. 2000-ஆம் ஆண்டு இயற்றப்பட்ட மாநிலச் சட்டம் மருத்துவமனைகளின் அவசரச் சிகிச்சைப் பிரிவிலும் தீவிர மனநலச் சிகிச்சையிலும் தகுதியுள்ள மொழிபெயர்ப்பாளரைக் கட்டாயமாக்கியது. அதற்காக நன்றி கூறுகிறோம். ஆனால் சர்க்கரை நோயும் இரத்தக் கொதிப்பும் கட்டுப்பட வேண்டிய இடம் அன்றாட மருத்துவகம். மேலும், கேப் வெர்டேயினரின் தாய்மொழியான கிரியோலு மட்டுமே பேசும் தாய்க்குப் போர்த்துக்கீசிய மொழிபெயர்ப்பாளரை அழைத்துவிட்டு, உதவி கிடைத்ததாகப் பதிவுசெய்வது முறையன்று. குடியேற்ற ஆவணம் இல்லாத பெரியவர்களுக்கு மாநில மருத்துவக் காப்பீட்டுத் திட்டமான மாஸ்ஹெல்த்தின் ‘லிமிடெட்’ பிரிவு அவசரச் சிகிச்சைச் செலவை மட்டுமே ஏற்பதால், துப்புரவிலும் கட்டுமானத்திலும் உழைப்போர் நோய் முற்றும்வரை மருத்துவரை அணுகத் தயங்குகின்றனர்.

பிறப்புப் பதிவில் இத்தகைய பூர்வீகங்களைத் தனித்தனியே குறிக்கும் வழக்கம் இம்மாநிலத்தில் ஏற்கெனவே உள்ளது. அதே பகுப்பின்படி நீரிழிவு, இரத்தக் கொதிப்பு, புற்றுநோய்ப் பரிசோதனை, இறப்பு ஆகிய விவரங்களையும் ஆண்டுதோறும் வெளியிடுமாறும், ஒவ்வொரு நோயாளியின் பேச்சுமொழியையும் கேட்டறிந்து கிரியோலுவைத் தனிமொழியாகப் பதியச் செய்யுமாறும், சமுதாய மருத்துவகங்களில் அம்மொழிபெயர்ப்பாளரை அமர்த்த நிதி ஒதுக்குமாறும், அசோரியக் குடும்பங்களுக்கு மரபணு ஆலோசனை அவரவர் ஊரிலேயே கிடைக்க ஏற்பாடு செய்யுமாறும் பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம். இவற்றுள் மொழிப் பதிவுக்கான ஆணையை முதலில் பிறப்பிக்க வேண்டுகிறோம். அதற்குப் பெருஞ்செலவு ஆகாது.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
சமூக சுகாதாரப் பணியாளர்கள்,
பிராக்டன்.