அக்காவுக்கு, கிங்ஸ்டனிலிருந்து

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். அத்தானுக்கு முழங்கால் வலி எப்படி இருக்கிறது? இங்கே ஏரி உறைந்து கிடக்கிறது. காலை ஐந்து மணிக்கு பேக்கரி வேலைக்குக் கிளம்பும்போது ஊரே இருட்டு, மூக்கு நுனி மரத்துப்போகும். மற்றபடி குறையில்லை.

போனில் பேசும்போது பின்னால் கத்துவது யார் என்று கேட்டாயே, அவர் கார்ட் டவுனி என்ற கனடாப் பாடகர். தனியார் வானொலியில் போடும் பாட்டில் குறைந்தது 35 சதவீதம் கனடாக்காரர்களுடையதாக இருக்க வேண்டும் என்று இங்கே விதி. அதனாலோ என்னவோ, மாவு பிசையும்போது இவர் குரல் கேட்காத நாளில்லை. முதலில் எனக்குப் பிடிக்கவேயில்லை. பாடுகிறாரா, யாரிடமோ சண்டை போடுகிறாரா என்றிருக்கும்.

பக்கத்து ஆம்ஹர்ஸ்ட்வியூவில் 1964-இல் பிறந்தவர். 1984-இல் இந்த ஊரில் தொடங்கிய 'தி ட்ராஜிக்லி ஹிப்' என்ற ராக் குழுவின் பாடகர். வரிகளும் பெரும்பாலும் அவருடையவைதான். அந்த வரிகள்தான் என்னைப் பிடித்துக்கொண்டன. பில் பாரில்கோ என்று ஒரு ஐஸ் ஹாக்கி வீரர். 1951-இல் டொராண்டோ மேப்பிள் லீஃப்ஸுக்குக் கோப்பையை வாங்கித் தந்த கோல் அவர் அடித்தது. அந்தக் கோடையிலேயே மீன் பிடிக்கப் போனவர் சிறு விமானத்தோடு காணாமல் போய்விட்டார். அந்த அணி மறுபடி கோப்பை வென்றது 1962-இல். விமானம் கிடைத்ததும் அதே வருடம்! இந்தக் கதையை வைத்து டவுனி ஒரு பாட்டுப் பாடியிருக்கிறார். இதை ஒரு ஹாக்கி அட்டையிலிருந்து, அதாவது வீரரின் படமும் விவரமும் அச்சிட்ட அட்டையிலிருந்து, திருடினேன் என்று பாட்டிலேயே சொல்லிவிடுகிறார் மனுஷன். செய்யாத கொலைக்கு 23 வருடம் சிறையில் கிடந்த டேவிட் மில்கார்டைப் பற்றியும் ஒரு பாட்டு உண்டு. என்னோடு வேலை செய்பவர்களிடம் ஒவ்வொன்றுக்கும் அர்த்தம் கேட்பேன். அப்படித்தான் இந்த நாட்டைக் கொஞ்சம் தெரிந்துகொண்டேன். சில வரிகள் அவர்களுக்கே புரிவதில்லை, அது வேறு விஷயம்.

எல்லை தாண்டி அமெரிக்காவில் இந்தக் குழு பெரிதாக எடுபடவில்லை. டொராண்டோவில் இருக்கும் நம் ஆட்களில் நான் கேட்ட பாதிப் பேருக்கு இவர் யாரென்றே தெரியவில்லை. ஆனால் 2016-இல் அவருக்கு மூளையில் புற்றுநோய், இனி குணமாகாது என்று செய்தி வந்ததும் நாடே கலங்கிவிட்டதாம். அந்த நிலையிலும் ஊர் ஊராகப் பாடப் போயிருக்கிறார். வரிகள் மறந்துபோகும் என்பதால் மேடையில் திரை வைத்து, அதில் பார்த்துப் பாடினார். கடைசிக் கச்சேரி ஆகஸ்ட் 20, இதே கிங்ஸ்டனில். இந்த நாட்டுப் பொதுத் தொலைக்காட்சியான சிபிசி நேரடியாக ஒளிபரப்பியதை 1 கோடியே 17 லட்சம் பேர் பார்த்தார்கள், நாட்டில் ஏறக்குறைய மூன்று பேருக்கு ஒருவர். அப்போதைய பிரதமர் ட்ரூடோவும் அரங்கில் இருந்தார். அவரைப் பார்த்துத்தான் டவுனி, வடக்கே வாழும் பூர்வகுடி மக்களை நாம் கண்டுகொள்ளாமலே பழகிவிட்டோம் என்று பேசினார். தன் நோயைப் பற்றிப் பேசி அழவைத்திருக்கலாம். அதைச் செய்யவில்லை பார், அங்கேதான் எனக்கு அவர்மேல் மரியாதை வந்தது.

அப்புறம் இரண்டே மாதத்தில் ஒரு ஆல்பம் வந்தது. சேனி வென்ஜாக் என்ற 12 வயதுப் பூர்வகுடிப் பையன், 1966-இல் உறைவிடப் பள்ளியிலிருந்து தப்பி, அறுநூறு கிலோமீட்டர் தள்ளியிருந்த வீட்டுக்கு ரயில் பாதையோரமாகவே நடந்து, குளிரில் செத்துப்போனான். பிள்ளைகளை வீட்டிலிருந்து பிரித்து, அவர்கள் பாஷையை மறக்கடித்த பள்ளிகள் அவை. பத்துப் பாட்டும் அவனைப் பற்றித்தான். இப்போது பல பள்ளிகளில் அக்டோபரில் ஒரு வாரம் அவன் கதையைச் சொல்லித்தருகிறார்கள். டவுனி 2017 அக்டோபர் 17-இல் காலமானார், 53 வயது.

அந்தப் பாட்டுகளோடு படக்கதைப் புத்தகமும் உண்டு, ஜெஃப் லெமியர் வரைந்தது. சின்னவனுக்கு வாங்கி வைத்திருக்கிறேன். அழுவான் என்று தோன்றினால் நீ முதலில் படித்துவிட்டுக் கொடு. பணம் போட்டிருக்கிறேன், வந்ததும் சொல். மாடித் தண்ணீர்த் தொட்டியை இந்தத் தடவையாவது மாற்றிவிடுங்கள்.

அன்புடன்,
தம்பி