பக்கத்து மனையில கடக்கால் தோண்டுனா நாங்க யாரைக் கேக்குறது?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சின்ன வீடு கட்டுறவங்களுக்கு சுயசான்று முறையில, அதாவது விதிப்படிதான் கட்டுறோம்னு நாமளே சான்று குடுத்தா, உடனே பிளான் அப்ரூவல்னு 2024 ஜூலைல அரசு ஒரு திட்டம் கொண்டு வந்துச்சு. மனை 2500 சதுர அடி வரைக்கும், கட்டடம் 3500 சதுர அடி வரைக்கும், தரைத்தளமும் ஒரு மாடியும்னா ஆன்லைன்லயே போட்டு வாங்கிக்கலாம், ஆபீஸ் ஆபீஸா அலைய வேணாம். நல்லதுதான், குறை சொல்லல. ஆனா ஒரு கிரவுண்டுங்கிறதே 2400 சதுர அடி, எங்க வடசென்னைல பழைய வண்ணாரப்பேட்டை, கொருக்குப்பேட்டை, ராயபுரம் பக்கம் முழு கிரவுண்டு வச்சிருந்தா அவர் பெரிய ஆளு சார். மத்த எல்லாம் அரை கிரவுண்டு, கால் கிரவுண்டு, அதையும் அண்ணன் தம்பி பாகம் பிரிச்சு நடுவுல ஒரே சுவரு ரெண்டு வீட்டுக்கும். மனை அளவை மட்டும் பார்த்தா எங்க பக்கம் கிட்டத்தட்ட எல்லாமே இந்தத் திட்டத்துக்குள்ள வந்துடும். சென்னை மாஸ்டர் பிளான்லயே தொடர் கட்டடப் பகுதின்னு, அதாவது வீடுங்க ஒண்ணோட ஒண்ணு ஒட்டி இருக்கிற இடம்னு குறிச்சிருக்கிற தெருவுல பக்கவாட்டுல இடம் விட வேண்டிய கட்டாயமும் இல்ல.

இப்ப விஷயத்துக்கு வரேன். எங்க வீட்டை ஒட்டி இருந்த பழைய வீட்டை வாங்குனவரு இடிச்சிட்டு புதுசா கட்டுறாரு. அவர்கிட்ட அப்ரூவல் எல்லாம் பக்காவா இருக்கு. ஜேசிபி வச்சு ஒரே நாள்ல மொத்த நீளத்துக்கும் பள்ளம் எடுத்தாங்க, எங்க வீட்டு கடக்கால் பழைய செங்கல், சுண்ணாம்பு, ஆழம் ரெண்டரை அடி கூட இருக்காது, அவரு அஞ்சடிக்கு மேல போயிட்டாரு. மறு வாரமே ஹால் சுவத்துல மேல இருந்து கீழ சாய்வா விரிசல். மேஸ்திரிகிட்ட கேட்டா இன்ஜினியர் சொன்னதைத்தான் செஞ்சேன்றாரு, இன்ஜினியர் பிளான்படிதான் போகுதுன்றாரு, மாநகராட்சி ஆபீஸ்ல போய் கேட்டா அனுமதி இருக்கு, மீறல் எதுவும் இல்ல, விரிசல் உங்க ரெண்டு பேர் பிரச்சனை, கோர்ட்டுக்கு போங்கன்னு சொல்லிட்டாங்க. அவங்க சொன்னதுல பொய்யும் இல்லன்னு வச்சுக்கங்க, அதான் கடுப்பே.

கோர்ட்டுனு சொன்னதால ஒரு வக்கீல் நண்பர்கிட்ட விசாரிச்சேன். 1882-ம் வருஷத்து ஈஸ்மென்ட் சட்டத்துலயே, அதாவது அடுத்தவர் நிலத்து மேல நமக்கு இருக்கிற உரிமை பத்தின சட்டத்துலயே இருக்காம், பக்கத்து நிலம் நம்ம கட்டடத்தைத் தாங்கிக்கிட்டு 20 வருஷம் தடங்கல் இல்லாம இருந்தா அந்தத் தாங்கல் நம்ம உரிமை ஆயிடும்னு. வெள்ளைக்காரன் காலத்துலயே யோசிச்சிருக்கான். ஆனா கேஸ் முடியற வரைக்கும் சுவரு நிக்கணுமே.

இத்தனைக்கும் வேலை ஒண்ணும் பெரிய ரகசியம் இல்ல, அனுபவம் உள்ள கொத்தனாருக்கு தெரிஞ்சதுதான். பழைய சுவத்தை ஒட்டி தோண்டுறப்ப நாலடி நாலடியா விட்டு விட்டு எடுத்து, எடுத்த துண்டுல கடக்கால் கட்டி ஏத்துன பிறகுதான் அடுத்த துண்டுல கை வைக்கணும். சுவத்துக்கு சவுக்கு கட்டை முட்டுக் குடுக்கணும். மழைக்காலத்துல பள்ளத்தை தொறந்தே போட்டு வைக்கக் கூடாது. ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே ரெண்டு வீட்டுக்காரங்களும் சேர்ந்து நின்னு பழைய விரிசலை எல்லாம் தேதியோட போட்டோ எடுத்து வச்சுக்கணும், இல்லன்னா அது உங்க வீட்ல முன்னாடியே இருந்துச்சுன்னு ஒரு பேச்சு வரும் பாருங்க, எனக்கும் வந்துச்சு. விரிசல் மேல சின்ன கண்ணாடித் துண்டை சிமெண்ட் வச்சு ஒட்டிட்டா போதும், அது உடைஞ்சா சுவரு இன்னும் நகருதுன்னு அர்த்தம். இதெல்லாம் ஒரு பக்க தாள்ல அடங்கிடும் சார், அப்ரூவல் குடுக்கிறப்ப கூடவே தமிழ்ல குடுத்தா என்ன? இடிக்கிறதுக்கும் தனியா அனுமதி வாங்கணும்ங்கிறதே எங்க தெருவுல பாதி பேருக்குத் தெரியாது.

எங்க பக்கம் இது ஏன் அவசரம்னா வீடுங்களோட வயசு. தேக்கு உத்தரம், மேல செங்கல் அடுக்கி சுண்ணாம்பு போட்ட மெட்ராஸ் டெரஸ் இன்னும் எத்தனையோ வீட்ல இருக்கு, உத்தரத்தோட முனை பொதுச்சுவத்துலதான் உக்காந்திருக்கும், அந்தப் பக்கம் இடிச்சா இந்தப் பக்கம் கூரை ஆடும். கான்கிரீட் வீடுன்னா கடல் காத்து, உள்ள கம்பி துருப்பிடிச்சு உப்பி காரை பேர்ந்து விழுது. ரோட்டை சுரண்டாம மேல மேல போட்டு வீடு பள்ளத்துக்குப் போயிட்டதால மழைத்தண்ணி வேற கடக்கால்ல நிக்குது. 2021 டிசம்பர்ல திருவொற்றியூர்ல குடியிருப்பு பிளாக்குல 24 வீடு சரிஞ்சப்ப உயிர்ச்சேதம் இல்லாம போனதுக்கு காரணம், ஜனங்க விரிசலைப் பார்த்துட்டு முன்னாடியே வெளிய வந்ததுதான். 2023 ஏப்ரல்ல அரண்மனைக்காரத் தெருவுல விழுந்த பழைய கட்டடத்துல புதுப்பிக்கிற வேலை நடந்துக்கிட்டிருந்துச்சு.

அடிமனை வாடகைக்கு இருக்கிறவங்க நிலைமை இன்னும் மோசம். நிலம் கோயிலுதோ டிரஸ்டுதோ, வீடு மட்டும் இவங்களுது, பட்டா இல்லாததால அப்ரூவல் பக்கமே போக முடியாது, அதனால ராத்திரியோட ராத்திரியா சென்ட்ரிங் அடிச்சு மாடி ஏத்துறாங்க, தப்புதான், ஆனா ஒழுகுற கூரையை எத்தனை வருஷம் பார்த்துக்கிட்டு இருப்பாங்க? அவங்க பாதுகாப்பா ரிப்பேராவது பண்ணிக்க ஒரு வழி வேணும்.

நான் கேக்குறது இதான். சுயசான்று வீட்டுக்கு நிறைவுச் சான்றும் தேவையில்லன்னு வச்சிருக்கிறதால முடிச்ச பிறகும் யாரும் வந்து பார்க்கப் போறதில்ல. அதனால பொதுச்சுவரு இருக்கிற மனைக்கு மட்டுமாவது, கடக்கால் எடுக்கிறதுக்கு 15 நாள் முன்னாடி பக்கத்து வீட்டுக்கு எழுத்துல தகவல் குடுக்கணும், பள்ளம் எடுக்கிற அன்னைக்கு லைசென்ஸ் உள்ள இன்ஜினியர் ஸ்பாட்ல நிக்கணும்னு அப்ரூவல்லயே ஒரு நிபந்தனை போடட்டும். மாநகராட்சி புகார் நம்பர் 1913-க்கு போன் பண்ணி பக்கத்துல தோண்டுறாங்க சுவரு விரியுதுன்னு சொன்னா, கோர்ட்டுக்கு போங்கன்னு சொல்லாம ஒரு ஏ.இ. (உதவிப் பொறியாளர்) வந்து பார்த்து வேலையை நிறுத்தி வைக்கிற மாதிரி ஏற்பாடு பண்ணட்டும். தண்டையார்பேட்டை, ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலத்துல முதல்ல ஆரம்பிக்கலாம், ஐப்பசி மழைக்கு முன்னாடி செஞ்சா நல்லது.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
பழைய வண்ணாரப்பேட்டை