மேசனைக் கொஞ்சம் நிற்கச் சொல்லு

அன்புள்ள யோகன்,

எல்லாரும் சுகம். பெரியம்மாவின்ட முழங்கால் பரவாயில்லை, உன்னைக் கேட்டா. இவ்வளவு காலம் எழுதாததுக்கு நீ ஏசுறதை நேரில வந்து வாங்குறன். இப்ப அவசரம் வேற. திங்கட்கிழமை மேசன் வந்து ஹோலுக்கும் குசினிக்கும் நடுவில சுவர் எழுப்பக் கல் வைக்கப்போறான் எண்டு மலர் சொன்னதில இருந்து எனக்கு இருப்புக் கொள்ளேல்லை. அவனைக் கொஞ்சம் நிற்கச் சொல்லு மச்சான்.

பாரத்தைப் பார். 9 அடி நீளம், 9½ அடி உயரத்துக்கு 4 அங்குலச் சீமெந்துக் கல் கட்டி ரெண்டு பக்கமும் பூசினால் ஒன்றரைத் தொன்னுக்குக் குறையாது. பொள்ளல் இல்லாத கல்லெண்டால் ரெண்டு தொன் வரும். அது ஏறப்போறது மூன்றாம் மாடித் தளத்தின்ட நடுவில. அதுக்குக் கீழ பீம் ஓடுதா எண்டு வரைபடத்தைப் பார்க்காமல் ஒருத்தராலும் சொல்ல ஏலாது. மேசனுக்கும் ஏலாது.

அதை விடப் பெரிய காரணம் காற்று. உன்ட கல்லடி வீட்டில பல்கனி கடற்பக்கம், குசினி யன்னல் வாவிப்பக்கம். வாடை வீசுற மாதங்களில காற்று பல்கனியால வந்து குசினி மணத்தை யன்னலால வெளியில தள்ளும். அப்ப உங்களுக்குப் பிரச்சினையே இல்லை. வைகாசிக்குப் பிறகு கச்சான் எண்ட மேல்காற்று தொடங்கினால் எல்லாம் தலைகீழ். வாவிப்பக்கத்தால காற்று ஏறி, பொரிக்கிற நெத்தலி மணத்தைச் சோபாவுக்குள்ளயே கொண்டுவந்து விடும். நிரந்தரச் சுவர் வைத்தால் கச்சானுக்கு ஒரு சுகம், ஆனால் வருசம் முழுக்க ஹோலில காத்தோட்டம் செத்துப்போகும், மலர் குசினிக்குள்ள வேகுவா. உனக்கு வேண்டியது திறக்கவும் பூட்டவும் ஏலுமான தடுப்பு.

சிவா சொன்ன அரைச்சுவர் யோசனையையும் விடு. 42 அங்குலம் கட்டினால் கழுவாத சட்டி பானை கண்ணுக்குத் தெரியாது, அவ்வளவுதான். சூடான புகை மேல ஏறி முகட்டை ஒட்டித்தான் ஹோலுக்கு ஓடும். அதால அடைக்க வேண்டியது மேல்பக்கம். 7 அடிக்கு மேல இருக்கிற 2½ அடியை நிரந்தரமாக அடை: நாகம் (சிங்க்) பூசின தகரச் சட்டம், ரெண்டு பக்கமும் 8 மில்லிமீற்றர் சீமெந்துப் பலகை. மேல தேங்கிற புகையை அடுப்புக்கு மேல பூட்டப்போற விசிறி இழுத்து முடிக்கும் வரைக்கும் அது பிடிச்சு வைச்சிருக்கும். சாதாரண ஜிப்சம் வேண்டாம், குசினி ஆவிக்கும் கடலீரத்துக்கும் ஊதிப்போகும். மேல்தளத்தில துளை போட முதல் மின்குழாய் எங்கால ஓடுது எண்டு லைட் பொயின்ற்றுகளை வைத்துப் பார்க்கச் சொல்லு.

கீழ 7 அடிக்கு மூன்று தண்டவாளத்தில மூன்று இழுவைக் கதவு. ரெண்டு கதவெண்டால் பாதி வழிதான் திறக்கும். மூன்றெண்டால் 6 அடி திறக்கும். நிலத்தில தண்டவாளம் பதிச்சால் அரிசியும் தண்ணியும் போய் அடைஞ்சு உருளை சிக்கும், அதால தொங்கு கதவுதான் நல்லம். ஆனால் அதைச் சீமெந்துப் பலகையில தொங்கவிடாதே. 5 மில்லிமீற்றர் கண்ணாடி போட்டாலே ஒரு கதவு சட்டத்தோட 30 கிலோ வரும். 4க்கு 2 அங்குலப் பெட்டி இரும்பை ரெண்டு சுவருக்கும் குறுக்கால ஏற்றி, நடுவில தளத்தோட ஒருக்காப் பிடிச்சு, அதில தொங்கவிடு. கண்ணாடி கட்டாயம் ரெம்பர் பண்ணினது, அதாவது சூடாக்கிக் கடினமாக்கினது வேணும். ரெம்பர் பண்ணினதை மறுகா வெட்ட ஏலாது. டைல் வேலை முடிஞ்ச பிறகு அகலத்தை மேல, நடு, கீழ எண்டு மூன்று இடத்தில அளந்து சின்ன அளவையே குடு. கதவு ஒண்டோட ஒண்டு 1½ அங்குலம் மேவ வேணும், அந்த இடுக்கில தூரிகைப் பட்டி ஓட வேணும். அது இல்லாட்டி மணம் நிற்காது. கல்லடி உப்புக் காத்துக்கு ஆணி, உருளை அச்சு எல்லாம் துருப்பிடிக்காத உருக்கு.

கதவைப் பூட்டினால் விசிறி இல்லாமல் முடியாது. 8க்கு 10 அடிக் குசினி, 9½ அடி உயரம்: 760 கன அடி. மணிக்கு 20 தரம் காற்று மாற நிமிடத்துக்கு 250 கன அடி வேணும். பெட்டியில போட்டிருக்கிற எண் குழாய் பூட்டாத கணக்கு, ஆனபடியால் கூடின அளவை எடு. அடுப்புக்கு மேல 26 முதல் 30 அங்குலத்தில விசிறி பூட்டின புகைக் கவிகை (ஹூட்), 6 அங்குலக் குழாய், வளைவு குறைய. குழாய் வாயை வாவிப்பக்கம் வைக்காதே, கச்சான் புகையைத் திருப்பித் தள்ளும். வடக்குச் சுவரால எடுத்து மூடி போடு. விசிறி இழுக்கக் காற்றும் உள்ள வரவேணும். விசிறிக்குக் கிட்ட இருக்கிற யன்னலைத் திறந்தால் அந்தக் காற்றே நேர விசிறிக்குப் போய்விடும், புகை அடுப்படியிலேயே நிற்கும். எதிர்ப்பக்க யன்னலை 4 அங்குலம் திறந்து வை.

கடைசியா ஒண்டு, இதில நான் விட்டுக்குடுக்க மாட்டன். காஸ் காற்றை விடப் பாரம், கசிஞ்சால் நிலத்திலதான் படுக்கும். மேல இருக்கிற விசிறி அதை எடுக்காது. திறந்த வீட்டில பரவிப்போற கசிவு, பூட்டின குசினியில தேங்கும். 12.5 கிலோ சிலிண்டரைக் குசினித் தட்டுக்குக் கீழ மூடி வைக்காதே. வெளியில பல்கனியில, நிலமட்டத்தில துளை போட்ட பெட்டிக்குள்ள வை. குசினி வெளிச்சுவரிலயும் நிலத்தோட ஒட்டி ஒரு துவாரம் விடு, பூச்சி வலை மட்டும் போடு. காஸ் மணம் வந்தால் சுவிச்சைத் தொடக்கூடாது எண்டு பிள்ளைகளுக்கும் சொல்லிவை, விசிறிச் சுவிச்சும் அதுக்குள்ள அடக்கம்.

நாளைக்கே தொடர்மாடி நிர்வாகத்திட்ட வரைபடம் கேள். பீம் எங்க ஓடுது எண்டு படம் எடுத்து ஞாயிறுக்குள்ள எனக்கு அனுப்பு. மேசனுக்குக் குடுத்த முற்பணத்தை டைல் வேலைக்குக் கழிக்கலாம்.

அன்புடன்,
குமார்